பேயாக்கப்பட்ட வணிகர்: ‘டிமான்ட்டி காலனி’க்குப் பெயர் தந்தவரின் உண்மை வாழ்க்கை

சென்னை: ஆழ்வார்பேட்டை டிமான்ட்டி காலனி என்றதும் திரைப்பட ரசிகர்களின் நினைவுக்கு வருவது இருண்ட பங்களாவும் பழிவாங்கும் ஆவியும்தான். அந்தப் பெயருக்குரிய ஜான் டிமான்ட்டி உண்மையில் வாழ்ந்தவர். அவர் மறைந்து இரு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன.

போர்ச்சுகீசிய மரபினரான டிமான்ட்டி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதராசில் வணிகம் செய்து பெரும் செல்வம் ஈட்டினார். அர்பத்நாட் குடும்பத்தாருடன் அவர் பங்குதாரராக இருந்த நிறுவனம், அர்பத்நாட், டிமான்ட்டி அண்ட் கோ என்ற பெயரில் இயங்கியது. பின்னாளில் அர்பத்நாட் என்ற பெயரில் மட்டும் தொடர்ந்த அந்நிறுவனம் 1906ஆம் ஆண்டு திவாலாகிப் பலரது சேமிப்பை விழுங்கியது. அதன் எதிரொலியாகவே மறு ஆண்டு இந்தியன் வங்கி தோன்றியது. ஆனால், அந்த வீழ்ச்சியில் டிமான்ட்டிக்குப் பங்கில்லை. அப்போது அவர் இறந்து 85 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சென்னைக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊரான கோவளத்துடன் அவருக்கு நெருங்கிய பிணைப்பு இருந்தது. 1752இல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றிய கோட்டை இருந்த ஊர் அது. அங்கு 1808ஆம் ஆண்டு கார்மேல் மாதா ஆலயத்தைக் கட்டியவர் டிமான்ட்டி.

செல்வம் பெருகிய அளவுக்கு இல்வாழ்வில் அவருக்கு அமைதி வாய்க்கவில்லை. ஒரே மகன் தந்தைக்கு முன்பே இறந்தார். மனைவி மேரி மனநலம் குன்றினார். வாரிசற்ற நிலையில், தமது பெருஞ்சொத்தை அறப்பணிகளுக்காகக் கத்தோலிக்கத் திருச்சபையிடம் உயில் மூலம் ஒப்படைத்துவிட்டு 1821இல் டிமான்ட்டி காலமானார். அந்தச் சொத்துகள் இன்றும் அவர் பெயரிலான அறக்கட்டளைகளாக உள்ளன.

பேய்க்கதைகள் கிளம்பிய இடம், அந்த அறக்கட்டளை நிலங்களுள் ஒன்றான ஆழ்வார்பேட்டை புனித மேரி சாலைப் பகுதி. அங்குள்ள வீடுகள் அவர் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பின் எழுந்தவை; அவற்றில் அவர் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. குடியிருந்தோர் வெளியேறி வீடுகள் பாழடைந்ததும் கதவு தானாகத் திறக்கிறது, நாற்காலி அசைகிறது என்ற பேச்சு பரவியது. இரவில் திகில் தேடி இளைஞர்கள் வரத் தொடங்கினர். 2015இல் அஜய் ஞானமுத்து இயக்கிய ‘டிமான்ட்டி காலனி’ படமும், 2024இல் வந்த இரண்டாம் பாகமும் வணிகரை முழுமையாகப் பேயாக்கின. மகனை இழந்ததும் மனைவியின் நோயுமே இக்கற்பனைக்கு விதை என்பதுதான் வேதனை.

இதே கதி அமெரிக்காவில் சாரா வின்செஸ்டருக்கும் நேர்ந்தது. கைக்குழந்தையையும் கணவரையும் இழந்த அவர் 1922இல் மறைந்தார். சான் ஹோசேயில் அவர் கட்டிய பெரும் மாளிகை, மறு ஆண்டே கட்டணம் வசூலிக்கும் திகில் காட்சியிடமாயிற்று.

கைவிடப்பட்ட இடங்களைத் திரைப்படங்கள் தேடிச் செல்வது ஆண்டர்சன்பேட்டைக்காரர்களுக்கும் தெரிந்த ஒன்றுதான். 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட கோலார் தங்கவயல் சுரங்கங்களை ஒட்டிய சயனைடு மண்மேடுகள் 2018இல் வெளியான ‘கேஜிஎஃப்’ படத்துக்குக் களமாயின. ஆயினும், அங்கு உழைத்த தமிழ்க் குடும்பங்கள் தங்கள் முன்னோரின் கதையைத் தாங்களே சொல்ல முடிகிறது. டிமான்ட்டிக்காக மறுத்துப் பேச வாரிசு எவரும் இல்லை.

அவரது கல்லறை ஆழ்வார்பேட்டையில் இல்லை. கோவளத்தில் அவர் கட்டிய கார்மேல் மாதா ஆலயத்தில் இருக்கிறது.