கட்டடத்தை எண்ணலாம், பலனை?

இன்னைக்கு நாம ஆன்லைனில் ஆர்டர் போடுற மாதிரி, நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்கக் கிராமத்து மக்கள் ஒரு தடிமனான கேட்டலாக்கைப் பார்த்துத் தபாலில் பொருள் வாங்கினார்கள். அந்த சியர்ஸ் ரோபக் கம்பெனியை வளர்த்தவர் ஜூலியஸ் ரோசன்வால்ட். 1862-ல் இல்லினாய் மாநிலத்தில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதத் துணி வியாபாரியின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை.

1911-ல் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனைச் சந்தித்தார். அப்போ தெற்கு மாநிலக் கிராமங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கிடையாது. 1912-ல், தன் 50-வது பிறந்தநாளை ஒட்டி ரோசன்வால்ட் கொடுத்த நன்கொடையில் ஒரு பகுதியை வைத்து, அலபாமாவில் ஆறு சின்னப் பள்ளிகளைக் கட்டிப் பார்த்தார்கள். அது விரிந்தது.

ஒரு நிபந்தனை: முழுப் பணமும் அவர் தரமாட்டார். ஊர் மக்களும் பங்கு போடணும், அரசும் போடணும். காசில்லாதவர்கள் நிலமும் மரமும் உழைப்பும் கொடுத்தார்கள். 1932-ல் அவர் இறந்தபோது 15 மாநிலங்களில் கிட்டத்தட்ட 5,000 பள்ளிகள். செலவுக் கணக்கைப் பார்த்தால் ஆச்சரியம்: அவர் தரப்பு தந்தது சுமார் 43 லட்சம் டாலர், கறுப்பின மக்கள் தந்ததோ சுமார் 47 லட்சம்! வரியும் கட்டி, தங்கள் பள்ளிக்கு மறுபடியும் பணம் கொடுத்தார்கள். அந்த அநீதியையும், வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்ற பாகுபாட்டையும் இந்தத் திட்டம் மாற்றவில்லை.

சரி, 5,000 கட்டடம் வந்தாச்சு. பலன்? இந்தப் பள்ளிகள் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளைகள் எப்படியோ படித்திருப்பார்களோ?

ஆரன்சன், மசும்தர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2011-ல் இதற்குப் பதில் தந்தார்கள். எல்லா மாவட்டத்திலும் ஒரே வருஷம் பள்ளி வரவில்லை. அதுதான் அவர்களுக்குக் கிடைத்த பிடி. பள்ளி வந்தபோது படிக்கிற வயதைத் தாண்டியிருந்தவர்களையும் சரியான வயதில் இருந்தவர்களையும் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து ஒப்பிட்டார்கள். வெள்ளையினப் பிள்ளைகளோடும் ஒப்பிட்டார்கள். நம்ம லேப்ல கன்ட்ரோல் வைக்கிற மாதிரிதான். வருகை, எழுத்தறிவு, படித்த வருஷங்கள் எல்லாமே கூடியிருந்தன. படித்தவர்களில் பலர் வடக்கே போய்விட்டார்கள். அந்த ஊரில் மட்டும் தேடியிருந்தால் பலனில் ஒரு பகுதி கண்ணில் பட்டிருக்காது.

தன் அறக்கட்டளை என்றென்றைக்கும் இருக்கக் கூடாது, பணம் முழுவதையும் செலவழித்து மூடிவிடணும் என்பது ரோசன்வால்டின் முடிவு. 1948-ல் மூடினார்கள்.

அடுத்த என்எஸ்எஸ் கேம்ப் ரிப்போர்ட்டில் நட்ட கன்று எத்தனை என்று எழுதும்போது, போன வருஷம் நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கு என்றும் ஒரு வரி சேர்ப்போமா?