கப்பலில் இடம் கிடைக்காத ராய் பிரான்சிஸ்

போடி மலையடிவாரத்தில் கபடிப் போட்டிக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறினால் அன்றைய கூலி கைக்கு வரும். ஆடப் போனால் கூலி போய்விடும். பொட்டிபுரத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இந்தக் கணக்குதான் 1895-ல் இங்கிலாந்தில் ஒரு விளையாட்டையே இரண்டாக உடைத்தது.

அந்த விளையாட்டு ரக்பி. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, மறிப்பவர்களைத் தாண்டி ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்க வேண்டும். இதற்கு 'ட்ரை' என்று பெயர். வடக்கு இங்கிலாந்தில் இதை ஆடியவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள். ஆட்டத்தால் இழக்கும் கூலிக்கு ஈடு கேட்டார்கள். விளையாடக் காசு வாங்குவது இழுக்கு என்று மறுத்தது வசதி படைத்தவர்கள் நடத்திய சங்கம். வடக்கு அணிகள் பிரிந்து போயின. பழைய ஆட்டம் ரக்பி யூனியன். பிரிந்தது ரக்பி லீக். லீக்கில் காசு வாங்கி ஆடியவருக்கு யூனியனின் கதவு அடைக்கப்பட்டது.

அப்படித் தாண்டிப் போனவர்களில் ஒருவர் ராய் பிரான்சிஸ். 1919-ல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். பிரின்மார் என்ற ஊரில் வளர்ந்து, அங்கேயே யூனியன் ஆட்டம் பழகினார். களத்தின் ஓரமாகப் பந்தோடு பாயும் 'விங்கர்' இடம் அவருடையது. 1936-ல், 17 வயதில், விகன் லீக் அணியில் சேர்ந்தார். யூனியனிலேயே இருந்திருந்தால் வேல்ஸ் தேசிய அணிக்கு ஆடியிருப்பாரா? அந்த அணியில் ஒரு கறுப்பின வீரர் இடம்பெறவே 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லீக்கில் கூலி கிடைத்தது. மரியாதை முழுதாகக் கிடைக்கவில்லை. 1946-ல் பிரிட்டன் அணி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியது. நல்ல ஆட்டத்தில் இருந்த பிரான்சிஸின் பெயர் பட்டியலில் இல்லை. வெள்ளையரல்லாதவர் குடியேறுவதை ஆஸ்திரேலியா அன்று சட்டத்தாலேயே தடுத்துவந்தது. அந்த நாட்டுக்குக் கறுப்பின வீரரை அழைத்துப் போகத் தேர்வாளர்கள் தயங்கினார்கள். அடுத்த ஆண்டு நியூசிலாந்துக்கு எதிராக அவரை இறக்கினார்கள். பிரிட்டன் லீக் அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரரான அவர், அந்த ஆட்டத்தில் இரண்டு ட்ரை போட்டார். அதற்குப் பின் ஒருமுறைகூட அழைக்கவில்லை.

நமக்கு இது புதிய கதையல்ல. சாதியும் நிறமும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டும் அடைக்கும் கதவுகள் ஒரே மாதிரிதான். புணேயில் மைதானப் பணியாளராக இருந்து எழுந்த பல்வங்கர் பாலு, 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 100-க்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்தார். அவருடைய பந்துவீச்சு எல்லோருக்கும் வேண்டியிருந்தது. இந்து அணியின் தலைமை மட்டும் கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை. 1923-ல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. ஆட விடுவது வேறு. வழிநடத்த விடுவது வேறு.

பிரான்சிஸ் அந்த இரண்டாவது கதவையும் திறந்தார். ஹல் அணியில் ஆட்டக்காரராக இருக்கும்போதே பயிற்சியாளரானார். 1956, 1958 என இருமுறை அந்த அணி சாம்பியன் ஆனது. பிரிட்டனின் தொழில்முறை அணி விளையாட்டுகளில் முதல் கறுப்பினப் பயிற்சியாளர் அவர் என்கிறது வரலாறு. ஆட்டத்தைப் படம்பிடித்து வீரர்களுக்குப் போட்டுக் காட்டினார். உடம்போடு மனத்தையும் தயார்செய்தார். வீரர்களின் மனைவி, மக்களையும் அணியின் பகுதியாகவே நடத்தினார். இன்று எல்லா அணிகளிலும் இருக்கும் இந்த வழக்கங்கள் அன்று புதுமை. 1968-ல் மழை கொட்டி நனைந்த வெம்பிளி மைதானத்தில், அவரது லீட்ஸ் அணி 11-10 என்று சவால் கோப்பையை வென்றது.

அதற்கடுத்து அவர் போன இடம் ஆஸ்திரேலியா. வீரராக அழைத்துப் போகத் தயங்கிய அதே நாட்டுக்கு, 1969-ல் நார்த் சிட்னி அணியின் பயிற்சியாளராகப் போனார். நிறவெறுப்பு அங்கும் விடவில்லை. இரண்டு பருவங்களில் திரும்பிவிட்டார். மீண்டும் லீட்ஸ் அணியை ஏற்று 1975-ல் இன்னொரு கோப்பை வென்று கொடுத்தார். 1989-ல் மறைந்தார். இன்று பிரின்மாரில் அவருக்குச் சிலை நிற்கிறது.

நம் ஊர் அணிகளில் நன்றாக ஓடும் பிள்ளைகள் ஏராளம். கைதட்டவும் ஆள் இருக்கிறது. அணித்தலைவர் யார், பயிற்சியாளர் யார், தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருப்பவர் யார் என்றும் நாம் கேட்டாக வேண்டும். விளையாடும் மாணவர்கள் பதக்கத்தோடு நின்றுவிடாமல், உடற்கல்விப் படிப்பையும் பயிற்சியாளர் சான்றிதழையும் குறிவைக்கட்டும். அடுத்த பட்டியலை எழுதும் பேனா நம் கையிலும் இருக்க வேண்டும்.