மண்ணையும் உணவையும் ஆய்ந்த மருத்துவர்

நோய்க்கெல்லாம் கிருமியே காரணம் என மருத்துவ உலகம் எண்ணியிருந்த காலத்தில், உணவின் குறையும் நோயாகும் என்பதை ஆய்வால் நிறுவியோருள் ஒருவர் இராபர்ட் மெக்காரிசன். 1878-இல் அயர்லாந்தில் பிறந்த இவர், பெல்ஃபாஸ்ட் நகரில் மருத்துவம் பயின்று இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். கில்கிட் பகுதியில் கழுத்துக்கழலை நோயை ஆராய்ந்தபோது, மாசுற்ற நீரின் கசடைத் தாமே பருகிச் சோதித்தார்.

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். சிக்கனம் கருதி அரசு 1923-இல் அதனை நிறுத்தியது. எனினும் இரண்டு ஆண்டுகளுக்குப்பின் பணி மீண்டும் தொடர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவுகளை எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்டவை செழித்தன. அரிசியையே பெரிதும் உண்டவை நலிந்தன. வெண்மைக்காகத் தவிட்டை நீக்கினால் உயிர்ச்சத்தும் உடன் நீங்குகிறது.

இவரது ஆய்வு தட்டிலிருந்து வயலுக்கும் சென்றது. வேளாண் வேதியியலாளர் விசுவநாத்துடன் இணைந்து 1926-இல் வெளியிட்ட ஆய்வில், தொழுவுரமிட்டு விளைந்த தானியம், வேதியுரமிட்டு விளைந்ததைவிடச் சத்து மிக்கது எனக் காட்டினார்.

1935-இல் ஓய்வுபெற்ற இவர் 1960-இல் மறைந்தார். குன்னூரின் அவ்வோர் அறையே வளர்ந்து, ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்று விளங்குகிறது.