கயிற்றில் தலை சாய்த்த பையன்

நம்ம திருவெறும்பூர் மலைக்கோயில் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எறும்பு உருவத்தில் வந்த தேவர்கள் ஏறிப் பூஜை பண்ண வசதியா சிவன் கொஞ்சம் சாய்ஞ்சு கொடுத்தாராம். அதனாலதான் எறும்பீஸ்வரர். நாமும் சாய்ஞ்சுதான் கிடக்கோம், ஆனா எறும்புக்காக இல்ல, லேப்டாப்புக்காக. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முடிக்கிற வாரத்துல என் கழுத்து ஒரு பக்கமாவே நின்னுடுச்சு. அப்போ தேடிப் படிச்சதுதான் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மனுஷனோட கதை.

1828 ஆகஸ்ட் 6-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு மரக்குடிசையில் பிறந்தவர். அப்பா ஊர் ஊராகப் போகும் மெதடிஸ்ட் போதகர், கூடவே வைத்தியமும் பார்ப்பார். பத்து வயசு வாக்கில் ஸ்டில்லுக்கு ஒரு நாள் தாங்க முடியாத தலைவலி. ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டியிருந்த ஏர்க்கயிற்றைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கி, மேலே போர்வையைப் போட்டு, கழுத்தை அதில் வைத்துப் படுத்தார். தூங்கிட்டார். எழுந்தா வலி இல்ல. அதுக்கப்புறம் தலைவலி வந்தாலே கயிறுதான். ஏன் போச்சுன்னு அப்போ அவருக்குத் தெரியாது, வயசான பிறகு தன் வாழ்க்கைக் கதையை எழுதும்போதுதான் இதையே தன் வைத்தியத்தின் முதல் பாடம்னு குறிப்பிட்டார்.

மருத்துவத்தை அப்பாகிட்டயே கத்துக்கிட்டார். அந்தக் காலத்துல அங்கே அதுதான் வழக்கம். 1853-ல் கன்சாஸ் போய் ஷானி பழங்குடி மக்களுக்கு அப்பாவோட சேர்ந்து வைத்தியம் பார்த்தார். எலும்பு படிக்கணும்னு அந்த மக்களின் கல்லறைகளையே தோண்டியிருக்கார். இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் கசந்தது. அடிமை முறையை எதிர்த்துச் சட்டசபைக்குப் போனவர், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் நின்னவர். அதே ஆள்தான் இதையும் செஞ்சார்.

1864 தொடக்கத்தில் அவர் வீட்டுக்குள் மூளைக்காய்ச்சல் வந்தது. மூணு பிள்ளைங்க செத்துப்போனாங்க. ரெண்டு பேர் பெத்த பிள்ளைங்க, ஒண்ணு தத்தெடுத்த பிள்ளை. டாக்டர்கள் வந்தாங்க, போதகர்கள் வந்தாங்க, ஒண்ணும் ஆகல. வைத்தியரான அவரே பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டுத்தான் இருந்தார்.

அப்போ மருத்துவம்னா என்னன்னு நினைக்கிறீங்க? கலோமெல்னு பாதரசம் கலந்த மருந்து, பல் ஆடி எச்சில் ஊத்துற அளவுக்குக் கொடுப்பாங்க. ரத்தத்தை வெளியேத்துவாங்க. பேதிக்குக் கொடுப்பாங்க. வலிக்கு அபின், சாராயம். இந்த மருந்துகள் மேல ஸ்டில்லுக்கு இருந்த நம்பிக்கை அந்த மூணு சாவோட போச்சு. பத்து வருஷம் எலும்பையும் தசையையும் ரத்தக்குழாயையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். 1874 ஜூன் 22, காலை பத்து மணிக்குத் தன் புது வைத்தியம் பிறந்ததாக அவரே தேதி போட்டு வச்சிருக்கார். பின்னாடி அதுக்கு வச்ச பெயர் ஆஸ்டியோபதி.

அடிப்படை ரொம்ப சிம்பிள், நம்ம டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்கு உடனே புரியும். உடம்பு ஒரே யூனிட். கட்டமைப்பும் செயல்பாடும் ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சது. ஒரு மூட்டு சரியா அசையலைன்னா அதைச் சுத்தின தசை இறுகும், ரத்த ஓட்டமும் நரம்பும் பாதிக்கும்ங்கிறது அவர் கணக்கு. தன்னைத்தானே சரி பண்ணிக்கிற சக்தி உடம்புக்கு உண்டு, வைத்தியர் கையால தடவி, இழுத்து, மூட்டை அசைச்சு, தடையை நீக்கினா போதும். (ஆள் வெண்ணெய் கடையும் மெஷினையே மாத்தி டிசைன் பண்ணினவர். உடம்பையும் மெஷினாவே பார்த்தார்.)

அவர் குடும்பம் தொடங்க உதவின பேக்கர் பல்கலைக்கழகத்துலயே இதைச் சொல்லித்தர இடம் கிடைக்கல. மிசௌரி மாநிலத்துல கிர்க்ஸ்வில்லுக்குப் போனார். எலும்புப் பையைத் தூக்கிட்டு ஊர் ஊராகச் சுத்தினார், பைத்தியம்னு சொன்னாங்க. ஆனா நடக்க முடியாம வந்தவங்க சிலர் நடந்து போனாங்க, கூட்டம் சேர்ந்தது. 1892-ல், 64 வயசுல, ரெண்டு ரூம் கட்டடத்துல காலேஜ் ஆரம்பிச்சார். முதல் பேட்ச்லயே பெண்களையும் சேர்த்தார். எடின்பரோவில் படிச்ச வில்லியம் ஸ்மித் அங்கே உடற்கூறு பாடம் எடுத்தார். எம்.டி. பட்டமே கொடுக்க அனுமதி இருந்தும், வேணாம்னு டி.ஓ. கொடுத்தார்.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். ஸ்டில் தப்பு பண்ணின இடமும் பெருசு. நல்ல மருந்துகள் வர ஆரம்பிச்ச பிறகும் ஏத்துக்கல, அம்மைத் தடுப்பூசியையும் எதிர்த்தார். அவர் பிள்ளைங்களைக் கொன்ன நோய்க்கு முதுகெலும்பை அசைச்சு விடை கிடைக்காது. விடை 1930-களில் சல்ஃபா மருந்தாகவும், அப்புறம் பென்சிலினாகவும் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்ல, 1917 டிசம்பர் 12-ல் 89 வயசுல கிர்க்ஸ்வில்லிலேயே இறந்துட்டார். அவர் கைமுறையில் இன்னைக்கும் ஓரளவு ஆதாரம் நிக்கிறது முக்கியமா இடுப்பு வலிக்குத்தான்.

இன்னொண்ணு. சலூன்ல தலை மசாஜ் முடிஞ்சதும் கழுத்தைச் சடக்னு திருப்பி நெட்டி எடுப்பாங்களே, தயவுசெஞ்சு அதுக்குத் தலையைக் கொடுக்காதீங்க. அந்தச் சத்தம் எலும்பு இடத்துல உட்கார்ற சத்தம் இல்ல. மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்தில் அழுத்தம் குறைஞ்சு வாயுக்குமிழி உருவாகிறது, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்சோமே, கேவிட்டேஷன், அதேதான். ஆனா கழுத்தெலும்புக்குள்ள மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஓடுது. அது கிழிஞ்சா பக்கவாதம் வரைக்கும் போகலாம். அபூர்வம்தான், இருந்தாலும் யார் அந்த லாட்டரியை எடுப்பாங்க? நானும் எடுக்கல. லேப்டாப்பை ரெண்டு டெக்ஸ்ட் புக் மேல தூக்கி வச்சேன், ஒத்தடம் கொடுத்தேன், நாலு நாள்ல கழுத்து திரும்பிச்சு.

ஸ்டில்லுக்கு அப்புறம் அவர் வாரிசுகளே அவரைத் தாண்டிப் போயிட்டாங்க. 1929 வாக்கில் அவங்க காலேஜ்கள்ல மருந்தியல் முழுப் பாடமா வந்தது. இன்னைக்கு அமெரிக்காவில் டி.ஓ. படிச்சவங்க ஊசி போடுறாங்க, ஆபரேஷன் பண்றாங்க, எம்.டி.க்கு இருக்கிற அதே லைசென்ஸ்தான். பிரிட்டன்ல அப்படி இல்ல, அங்கே ஆஸ்டியோபத் கையால மட்டும் சிகிச்சை தர்றவர், டாக்டர் கிடையாது. அதனால யாராவது ஆஸ்டியோபத்னு போர்டு வச்சிருந்தா, எங்க படிச்சார்னு முதல்ல கேளுங்க.

கிர்க்ஸ்வில்லில் ஒரு மியூசியம் இருக்கு. அந்த ரெண்டு ரூம் காலேஜும், வர்ஜீனியாவிலிருந்து கொண்டு வந்த அவர் பிறந்த மரக்குடிசையும் அங்கேதான் நிக்குது.