வானத்தைக் கரும்பலகையாக்கிய மங்கை



விஞ்ஞானி என்றதும் நமக்கு நியூட்டன், எடிசன் என்றுதான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போவது மரியா மிட்செல் என்ற பெண்மணியைப் பற்றி. கல்லூரியில் ஒருநாள்கூடப் படிக்காமல் கல்லூரிப் பேராசிரியை ஆனவர் இவர்!

அமெரிக்காவில் நான்டக்கெட் என்று ஒரு சின்னத் தீவு. திமிங்கில வேட்டைக் கப்பல்களின் ஊர். அங்கே 1818 ஆகஸ்ட் 1-ல், பத்துப் பிள்ளைகளில் ஒருத்தியாகப் பிறந்தார் மரியா. அப்பா வில்லியம் பள்ளிக்கூட வாத்தியார். நட்சத்திரங்களைப் பார்த்துக் கப்பல் கடிகாரங்களைச் சரிபார்த்தும் கொடுப்பார். நடுக்கடலில் தீர்க்கரேகை அறிய மாலுமிக்கு அந்தக் கடிகாரம்தான் கதி. பூமி 4 நிமிடத்துக்கு 1 டிகிரி சுழல்கிறது. ஆகவே கடிகாரம் வெறும் 4 விநாடி பிசகினாலும், பூமத்திய ரேகைப் பக்கம் கப்பலின் கணக்கு சுமார் 1.8 கிலோமீட்டர் தப்பிப் போகும்!

1831 பிப்ரவரியில் கங்கண சூரிய கிரகணம் வந்தது. எங்கள் ஊரில் கிரகணம் என்றால் கதவைச் சாத்திப் பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள். வில்லியமோ தொலைநோக்கியைப் பொருத்திவிட்டு, 12 வயது மகளைக் கடிகாரம் பார்த்து விநாடிகளை எண்ணச் சொன்னார். அந்தக் கணக்கை வைத்துத் தங்கள் வீட்டின் தீர்க்கரேகையையே கண்டார்கள். பிள்ளைக்கு வானத்தைச் சொல்லிக்கொடுப்பது என்றால் இதுதான். படம் காட்டுவதோடு விடாமல், நிஜமான வேலையை நம்பிக் கையில் கொடுத்தார்.

1835-ல், நம்மைவிடச் சின்ன வயதில், மரியா தானே ஒரு பள்ளி தொடங்கினார். நிறம் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்த காலத்தில் எல்லா நிறத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். மறுவருஷமே தீவின் நூலகத்தில் வேலை கிடைத்தது. அங்கிருந்த புத்தகங்களே அவருக்குக் கல்லூரி!

1847 அக்டோபர் 1 இரவு. மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு இருந்தவர், வரைபடத்தில் இல்லாத ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். டென்மார்க் மன்னரின் தங்கப் பதக்கம் கடல் கடந்து வந்தது. 1865-ல் வாசர் பெண்கள் கல்லூரி அவரைப் பேராசிரியை ஆக்கியது. 1869-லும் 1878-லும் மாணவியரைக் கூட்டிக்கொண்டு முழுச் சூரிய கிரகணம் பார்க்க வெகுதூரம் போனார். மார்க் போட்டு மூளையை அளப்பது அவருக்குப் பிடிக்காது. ஆண் பேராசிரியர்களைவிடச் சம்பளம் குறைவு என்று தெரிந்ததும் சும்மா இருக்கவில்லை. கேட்டு உயர்வு வாங்கினார். 1889-ல் மறைந்தார். நிலாவில் ஒரு பள்ளத்துக்கு இன்று அவர் பெயர்.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். என் தங்கச்சியைப் பத்தாவதோடு நிறுத்திவிடலாமா என்று இப்போது வீட்டில் பேச்சு நடக்கிறது. இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். கிரகணம் வரும் இடத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். முடிவை இன்னும் சொல்லவில்லை. நானும் விடுவதாக இல்லை.

தோழர்களே, தோழிகளே! லீவுக்கு ஊருக்குப் போகும்போது தெருப் பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிடுங்கள். வெட்டவெளியில் ஒரு குச்சியை நட்டு, மணிக்கு ஒருதரம் நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குட்டையாகும் நேரம்தான் அந்த ஊரின் உச்சிப்பொழுது. பூமி சுழல்வதை அந்தப் பிள்ளைகளே அளந்துவிடுவார்கள். செலவு ஒரு பைசா இல்லை. அளக்கும் கை மட்டும் அவர்களுடையதாக இருக்கட்டும்!

— இரண்டாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் துறை