றெனின் கண்ட பேரறிஞர் றொபேட் ரீகர்ஸ்ரெட்

உப்பின் அளவறிந்து இடுதல் அடுக்களைக்கு மட்டும் உரிய கலையன்று. நம் உடலகத்தே சிறுநீரகங்கள் அக்கலையை அல்லும் பகலும் இயற்றி வருகின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீர்மத்தை அவை குருதியினின்றும் வடிக்கின்றன. அதிற் கரைந்துள்ள உப்பு ஒரு கிலோகிராமுக்கும் மேற்பட்டது. அவ்வுப்பில் நூற்றுக்கு 99 பங்கினை நுண்குழாய்கள் மீட்டுக் குருதிக்கே அளிக்கின்றன. எஞ்சும் சிறு பங்கு கூடுதலும் குறைதலுமே குருதியமுக்கத்தின் சீரினைப் பெரிதும் நிருணயிக்கும். இவ்வரிய ஒழுங்கினை அறிதற்கு முதல் வாயிலைத் திறந்தவர் றொபேட் ரீகர்ஸ்ரெட் ஆவர்.

இவர் 1853ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரிற் பிறந்தார். அங்கே மருத்துவங் கற்றுத் தேறியபின் சுவீடன் சென்று, 1886இல் ஸ்ரொக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் உடற்றொழிலியற் பேராசிரியரானார்.

1896இல் இவரும் பேர்க்மன் என்னும் மாணவரும் ஓர் ஆய்வினைத் தொடங்கினர். முயலின் சிறுநீரகத்தை அரைத்தெடுத்த சாற்றினை வேறொரு முயலின் நாளத்திற் செலுத்தினர். குருதியமுக்கம் உயர்ந்தது. சாறு சிறுநீரகத்தின் மேற்பட்டையினின்றும் எடுக்கப்பட்டபோதே அவ்வாற்றல் தோன்றிற்று; உட்பகுதிச் சாற்றில் அது காணப்படவில்லை. கொதிக்க வைத்த சாறோ ஆற்றலை இழந்தது. அப்பொருளுக்கு றெனின் எனப் பெயரிட்டு, 1897இல் மொஸ்கோ மருத்துவ மாநாட்டில் அறிவித்து, மறுவருடம் கட்டுரையாகவும் வெளியிட்டனர்.

ஆயினும் உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. மீண்டுஞ் செய்து பார்த்தோருட் சிலர்க்கு அப்பேறு கிட்டவில்லை. மாணவர் மருத்துவத் தொழிலை மேற்கொண்டார். ஆசிரியரும் தாயகம் மீண்டு, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி, வேறு துறைகளில் உழைத்தார். றெனினை மறுபடியும் ஆராய்ந்தாரல்லர்.

எனினும் அவர் புகழ் வேறு வழிகளிற் பரந்தது. 1901இல் நோபல் பரிசுக் குழுவின் பொருட்டு உருசிய நாடு சென்று பவ்லோவின் ஆய்வுகளை நேரிற் கண்டறிந்தார். 1918இல் பின்லாந்தின் உள்நாட்டுப் போர் முடிந்தபின், தோற்ற தரப்பினருள் 10,000க்கு மேற்பட்டோர் சிறைமுகாம்களிற் பசியாலும் பிணியாலும் மாண்டனர். தம்மிசாரி முகாமின் அவலத்தை ஆராய்ந்த ரீகர்ஸ்ரெட், வென்றோர் ஆட்சிக்கு உவப்பாகாத உண்மையை மறையாது எழுதினார். முயலின் குருதியை அளந்த அதே நேர்மை, மாந்தரின் பசியை அளக்கும்போதும் அவரை விட்டு நீங்கவில்லை. 1923 டிசம்பர் 2ஆந் திகதி அவர் காலமானார்.

அவர் மறைந்து பதினோராண்டு கழிந்தபின், 1934இல் அமெரிக்கரான கோல்ட்பிளாற், நாயின் சிறுநீரக நாடியை இடுக்கியால் நெருக்கிக் குருதியமுக்கம் நிலைத்து உயர்தலைக் காட்டினார். மறந்த றெனின் மீண்டும் நினைவுக்கு வந்தது. அது புரதத்தை வெட்டும் ஒரு நொதியம் என்பதும், அவ்வெட்டின் பயனாய்ப் பின்னர் அஞ்சியோரென்சின் உண்டாகும் என்பதும் தெளிவாயின. அஞ்சியோரென்சின் குருதிக்கலன்களைச் சுருக்குவதோடு, அதிரீனற் சுரப்பியைத் தூண்டி அல்டொஸ்ரெறோன் என்னும் ஓமோனையும் சுரப்பிக்கும். அவ்வோமோன் நுண்குழாய்களை உப்பினை மீட்கப் பணிக்கும்.

2001இல் யேல் பல்கலைக்கழகத்தார் இவ்வழியில் இன்னொரு படி ஏறினர். நுண்குழாய்க் கலங்களினுள்ளே கைனேஸ் எனப்படும் நொதியங்கள் உள. அவற்றுட் சில, ஒன்று மற்றொன்றை எழுப்பி, ஈற்றில் உப்பைச் சுமக்கும் புரதத்தின்மீது பொசுபேற்றினைப் பொருத்தி அதனை உழைக்கச் செய்யும். அந்நொதியங்கள் பிறழ்ந்த குடும்பங்களில் உப்பு மிகுதியாய்த் தேங்கிக் குருதியமுக்கம் உயர்தலை அவர்கள் கண்டனர். இன்று இந்நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகள் பலவும் ரீகர்ஸ்ரெட் தொடங்கிய வழியிலேயே தொழிற்படுவனவாம்.

விதைத்தவர் விளைவைக் கண்டாரல்லர். ஆயினும் செய்ததைச் செய்தவாறே பழுதின்றி எழுதிவைத்தமையால் அவ்விதை கெடவில்லை. ஆய்வுகூடக் குறிப்பேட்டைச் சிறிதென எண்ணும் நம் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.