ஹரி மார்ஷல் வார்ட் (1854 – 1906)

வரலாற்றுப் பாடத்தில் கோப்பிப் பயிர்ச்செய்கையின் வீழ்ச்சி பற்றி ஒரு பந்தி படிக்கின்றீர்கள். பங்கசு நோயொன்றினால் கோப்பி அழிந்தது, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது என்பதோடு அப்பந்தி முடிந்துவிடும். விஞ்ஞானப் பாடத்தில் நுண்ணங்கிகள் என்னும் அலகில் பங்கசு, பற்றீரியா, மதுவம் ஆகியவற்றைத் தனியாகப் படிக்கின்றீர்கள். வரலாற்றில் வரும் அந்தப் பங்கசை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, அது இலைக்குள் எவ்வாறு நுழைகின்றது என்பதைக் கண்டறிந்தவரே ஹரி மார்ஷல் வார்ட். தாவர நோயியலில் உலகறிந்த இவர் தமது ஆய்வு வாழ்க்கையைத் தொடங்கிய இடம் எமது நாடாகும்.

வார்ட் 1854ஆம் ஆண்டு மார்ச் 21ஆந் திகதி இங்கிலாந்தின் ஹெரபோர்ட் நகரிற் பிறந்தார். தந்தையார் ஓர் இசைக்கலைஞர். வசதியான குடும்பம் எனக் கூறமுடியாது. இலண்டன் சவுத் கென்சிங்ரனில் புகழ்பெற்ற உயிரியலாளர் ஹக்ஸ்லியின் வகுப்பிற் பயின்ற பின்னர், 1876இல் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியிற் சேர்ந்தார். 1879இல் இயற்கை விஞ்ஞானத்தில் முதலாம் வகுப்பிற் சித்தியடைந்து, ஜேர்மனி சென்று தாவர உடற்றொழிலியல் அறிஞர் சக்ஸ் என்பவரிடம் சிலகாலம் பயின்றார். அவ்வேளையிலேயே இலங்கை அரசாங்கத்திடமிருந்து அவருக்குப் பணி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 25. அவர் வந்து பார்க்க வேண்டிய நோயாளி ஒரு மனிதரல்ல. மலைநாடு முழுவதும் பரவிக் கிடந்த கோப்பிச் செடிகள்.

அந்நோயின் கதையை இங்கு சற்று விரிவாகப் பார்ப்போம். பரீட்சையில் அதிகமாகப் பிழை விடப்படுவதும் இப்பகுதியிலேதான்.

1870ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து வருடாந்தம் 10 கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட கோப்பி ஏற்றுமதியாகியது. நாட்டின் வருமானம், வங்கிக் கடன், வீதி, புகையிரதம் யாவும் கோப்பியை நம்பியிருந்தன. 1869இல் இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்த புள்ளிகள் தோன்றியதைத் தோட்டத்துரைமார் கண்டனர். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பேர்க்லி என்னும் பங்கசு அறிஞர் அதனைப் புதிய இனமெனக் கண்டு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். இரண்டாவது சொல்லுக்கு நாசம் விளைவிப்பது என்பது பொருள். பெயர் வைத்தவர் பின்னர் நடக்கப்போவதை அறிந்தே வைத்தார் போலும்.

ஆனால் ஆரம்பத்தில் யாரும் பெரிதாக அஞ்சவில்லை. நோய் கண்ட செடி இலையை உதிர்த்துவிட்டு மீண்டும் துளிர்த்தது. அறுவடை குறைந்தபோதும் உலகச் சந்தையிற் கோப்பியின் விலை உயர்ந்தமையால் நட்டம் உடனே வெளியே தெரியவில்லை. அதனால் நோய் பரவிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் மேலும் காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1878ஆம் ஆண்டளவில் பயிர்செய்யப்பட்ட நிலம் ஏறத்தாழ 2 இலட்சத்து 75 ஆயிரம் ஏக்கரை எட்டியது. ஒரே பயிர், இடையில் வேறு மரமில்லை, மலைக்கு மலை தொடர்ச்சியாக. பங்கசுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1880இல் வார்ட் இலங்கைக்கு வந்து, பேராதனையைச் சார்ந்தும் தோட்டங்களிலும் இரண்டு ஆண்டுகள் உழைத்தார். நோய்க்குக் காரணம் மண்ணின் சத்துக் குறைவு என்று சிலர் கூறினர். மழை, வெயில், செடியின் முதுமை என்று வேறு சிலர் கூறினர். வேரிலிருந்து நோய் ஏறுகின்றது என்போரும் இருந்தனர். வார்ட் வாதத்தில் இறங்காமல் பரிசோதனையில் இறங்கினார். பங்கசின் வித்திகளை எடுத்து ஈரமான இலையின் அடிப்பக்கத்தில் வைத்து, நாளுக்கு நாள் நுணுக்குக்காட்டியாற் பார்த்தார். வித்தி முளைத்து ஒரு மெல்லிய குழாயை வெளிவிடுகின்றது. அக்குழாய் இலைவாயைத் தேடி அதனூடாக உட்செல்கின்றது. உள்ளே பூசண இழைகள் கலங்களுக்கு இடையிற் பரவி, கலங்களுக்குள் உறிஞ்சும் உறுப்புகளைச் செலுத்தி உணவைக் கவர்கின்றன. ஏறக்குறைய இரண்டு மூன்று வாரங்களில் அதே இலையில் புதிய செம்மஞ்சட் புள்ளி தோன்றி, அதிலிருந்து எண்ணற்ற வித்திகள் வெளிவருகின்றன. வித்தி வைக்கப்படாத இலையில் நோய் இல்லை. ஆகவே மண்ணும் முதுமையும் குற்றவாளிகள் அல்ல என்பது தெளிவாயிற்று.

வித்தி தோட்டத்துக்குத் தோட்டம் எப்படிச் செல்கின்றது? இதற்கு அவர் செய்தது மிக எளிமையான வேலை. கண்ணாடித் தட்டுகளில் கிளிசரீனைப் பூசித் தோட்டங்களிலே தொங்கவிட்டார். காற்றில் வந்த தூசு அதில் ஒட்டிக்கொண்டது. அத்தட்டுகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோது கோப்பிப் பங்கசின் வித்திகள் அவற்றிலே காணப்பட்டன. பருவப்பெயர்ச்சிக் காற்று வீசும் திசையும் நோய் பரவும் விதமும் பொருந்தி வந்தன. காற்றில் மிதக்கும் வித்திகளைப் பிடித்து எண்ணும் கருவிகள் இன்று பல நாடுகளில் பயிர் நோய் எச்சரிக்கைக்குப் பயன்படுகின்றன. அவற்றின் முன்னோடிகளுள் இக்கண்ணாடித் தட்டும் ஒன்று. வகுப்பில் இதைச் சொல்லும்போது பெரிய ஆய்வுகூடம் இல்லாமல் ஆராய்ச்சி செய்யலாமா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. இந்தத் தட்டையே நான் விடையாகக் காட்டுவேன்.

வார்ட் மூன்று அறிக்கைகளை அரசாங்கத்திடம் கையளித்தார். அவற்றின் சாரத்தைப் பின்வருமாறு கொள்ளலாம். பங்கசு இலைக்குள் சென்றபின் எந்த மருந்தும் அதைத் தொடாது. சுண்ணாம்பு, கந்தகம் போன்றவற்றைப் பயன்படுத்துவதாயின் வித்தி முளைப்பதற்கு முன்னரே அவை இலையின் மேற்பரப்பில் இருக்க வேண்டும். காற்றைத் தடுக்கும் மரவரிசைகள் தோட்டங்களுக்கு இடையில் வேண்டும். இடைவெளியின்றி ஒரே பயிரைப் பெருநிலப்பரப்பில் நட்டமையே இந்நோய் கொள்ளைநோயாக மாறியதற்குக் காரணம்.

தோட்டத்துரைமார் எதிர்பார்த்தது இதையல்ல. அவர்கள் ஒரு மருந்தை எதிர்பார்த்தார்கள். இளைஞர் ஒருவர் வந்து, நீங்கள் பயிரிட்ட முறையே நோய்க்கு இடங்கொடுத்தது என்று சொல்வது அவர்களுக்கு உவப்பாக இருந்திருக்க முடியாது. மலைச்சரிவில் மழைக்காலத்தில் ஒவ்வோர் இலையின் அடிப்பக்கத்துக்கும் தூள் தூவுவது நடைமுறையிற் பெருஞ்செலவான வேலை என்பதும் உண்மையே. 1882இல் வார்ட் நாடு திரும்பினார். செப்புச் சல்பேற்றையும் சுண்ணாம்பையும் கலந்த போர்டோக் கலவை பிரான்சில் 1885இல் அறிமுகமானது. அதுவும் வார்ட் கூறியபடி முன்கூட்டியே தெளிக்க வேண்டிய ஒரு காப்பு மருந்துதான். அதற்குள் இங்கே காலம் கடந்துவிட்டது. 1884இல் கோப்பித் தோட்டங்களுக்குப் பெருமளவு கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி முறிந்தது. 1889ஆம் ஆண்டளவில் கோப்பி ஏற்றுமதி ஏறத்தாழ 50 இலட்சம் இறாத்தலாகச் சுருங்கியது.

வங்கியும் துரைமாரும் இழந்ததைப் பற்றி நூல்களில் நிறைய உண்டு. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்துவந்த தொழிலாளர் பற்றிக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. அவ்வழியில் வாந்திபேதியால் இறந்தோர் ஏராளம். கோப்பிக் காலத்தில் அவர்களுட் பெரும்பாலானோர் அறுவடைக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ வருடம் முழுவதும் கொழுந்து கிள்ள ஆள் வேண்டும். ஆகவே குடும்பத்தோடு லயன்களில் நிரந்தரமாகத் தங்கும் நிலை ஏற்பட்டது. மலையகத் தமிழ்ச் சமூகம் இந்நாட்டில் நிலைகொண்டதற்கும் ஓர் இலைப் பங்கசுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினால் அது மிகையல்ல.

கவனிக்க: கோப்பி அழிந்த பின்னரே தேயிலை இலங்கைக்கு வந்தது என எழுதுவது பிழை. ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிடத் தொடங்கியது 1867ஆம் ஆண்டாகும். கோப்பி நோய் பதிவானது 1869இல். கோப்பியின் வீழ்ச்சி தேயிலையைப் பரப்பியது என்பதே சரியான விடை. இடையில் சிலர் சிங்கோனாவையும் நட்டுப் பார்த்தனர். இலங்கைக் கோப்பி அழிந்ததனாலேயே ஆங்கிலேயர் தேநீர் குடிக்கப் பழகினர் என்பதும் வெறும் கதை. அவர்கள் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தேநீர்ப் பிரியர்கள்.

நாடு திரும்பிய வார்ட் மன்செஸ்டரிலும், 1885 முதல் கூப்பர்ஸ் ஹில் பொறியியற் கல்லூரியிலும் கற்பித்தார். இக்காலத்தில் அவர் செய்த ஆய்வு எமது பிரதேசத்துக்கு மிக நெருக்கமானது. எழுவான்கரை மணல் நிலத்தில் கச்சான் அல்லது கௌபிச் செடியொன்றை வேரோடு மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். வேரிலே சிறிய உருண்டைகள் காணப்படும். இவை வேர்ச்சிறுகணுக்கள். இவை செடியின் இயல்பான உறுப்பா, வெளியிலிருந்து வந்த உயிரியின் வேலையா என்பது அப்போது தீராத கேள்வி. வார்ட் கிருமியழித்த ஊடகத்தில் அவரையினச் செடிகளை வளர்த்தார். சிறுகணுக்கள் தோன்றவில்லை. பழைய சிறுகணுவின் துண்டுகளை வேரருகே வைத்தபோது தோன்றின. தொற்று வேர்மயிரினூடாக உட்புகுவதையும் கண்டு 1887இல் வெளியிட்டார். அவ்வுயிரியை அவர் ஒரு பங்கசு என்றே கருதினார். அடுத்த ஆண்டு ஒல்லாந்து நாட்டு பெய்ஜரிங்க் அதனைப் பிரித்தெடுத்து பற்றீரியா என்று காட்டினார். அதாவது தொற்று என்பதும் வாசல் என்பதும் சரி. பெயர் மட்டும் பிழை. வளியிலுள்ள நைதரசனைப் பதிக்கும் இந்த றைசோபியம் பற்றீரியாவை விதையோடு கலந்து இட்டு யூரியாவின் தேவையைக் குறைக்கும் ஆய்வுகள் கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவகத்திலும் நடைபெற்றுள்ளன.

1892இல் ஜிஞ்சர் பியர் எனப்படும் இஞ்சிப் பானத்தை நொதிக்கச் செய்யும் கட்டியை ஆராய்ந்து, அது ஒரு மதுவமும் ஒரு பற்றீரியாவும் சேர்ந்து வாழும் கூட்டு என நிறுவினார். ஒன்றியவாழ்வுக்கு உதாரணம் கேட்டால் இலைக்கனோடு இதையும் எழுதலாம்.

பின்னர் றோயல் சங்கம் குடிநீரிலுள்ள பற்றீரியாக்களை ஆராயும் பணியை வார்ட்டிடமும் இரசாயனவியலாளர் பேர்சி பிராங்லண்டிடமும் ஒப்படைத்தது. தேம்ஸ் ஆற்று நீரில் வாழும் பற்றீரியாக்களை வார்ட் ஒவ்வொன்றாகப் பிரித்து வளர்த்தார். சூரிய ஒளி பற்றீரியாவைக் கொல்லும் என்பதை வேறு இருவர் 1877இல் கண்டிருந்தனர். வார்ட் அதனைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டினார். அந்திராக்ஸ் நோய்க்கிருமியின் வித்திகள் கலந்த வளர்ப்பூடகத் தட்டை மறைத்து, எழுத்து வடிவில் வெட்டிய துவாரத்தினூடாக மட்டும் வெயில் படச் செய்தார். பின்னர் தட்டை இளஞ்சூட்டில் வைத்தபோது, வெயில் படாத இடமெல்லாம் கிருமி வளர்ந்து மங்கலாகியது. வெயில் பட்ட எழுத்து மட்டும் தெளிவாக நின்றது. நிறமாலையைப் பிரித்துச் சோதித்ததில் சிவப்பு ஒளிக்கு இவ்வாற்றல் இல்லை, நீலமும் ஊதாவும் சார்ந்த கதிர்களுக்கே உண்டு எனவும் கண்டார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் எமது கரையோரக் கிணறுகளை இறைத்துக் குளோரீன் இட்டதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பர். தெளிந்த நீரை நிறமற்ற போத்தலில் அடைத்து ஆறு மணித்தியாலம் நல்ல வெயிலில் வைக்கும் முறையும் இன்று உலகின் பல பாகங்களிற் பின்பற்றப்படுகின்றது. கலங்கல் நீருக்கு இம்முறை பயன்தராது. ஒளி உள்ளே செல்லாது என்பதே காரணம்.

1888இல் றோயல் சங்க உறுப்பினர், 1893இல் றோயல் பதக்கம், 1895இல் கேம்பிரிட்ஜ் தாவரவியற் பேராசிரியர் என உயர்ந்தார். 1901இல் தாவர நோய்கள் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். இறுதி ஆண்டுகளில் மீண்டும் துருப் பங்கசுகளுக்கே திரும்பினார். ஒருவகைப் புல்லிலிருந்து இன்னொரு வகைக்குப் பங்கசு இடைப்பட்ட ஒரு புல்லைப் பாலமாகக் கொண்டு பழகிச் செல்கின்றது என அவர் கருதியது பிற்கால ஆய்வுகளால் ஏற்கப்படவில்லை. ஆயினும் அவரிடம் பயின்ற பிவன் என்பவர் கோதுமையின் துரு எதிர்ப்பு மெண்டலின் விதிப்படி தலைமுறைக்குக் கடத்தப்படுகின்றது என்பதை 1905இல் காட்டினார். நோய் எதிர்ப்புள்ள நெல்லினங்களைப் படுவான்கரை வயல்களில் விதைப்பதும் அதே வழியில் வந்த பலனே. எரிபந்த நோயின் வித்திகளும் காற்றிலேதான் வருகின்றன. தேவைக்கதிகமாக யூரியா இட்ட வயலில் அந்நோய் விரைந்து பரவும் என்பதை எமது விவசாயிகள் அறிவர்.

நோயுற்றிருந்த வார்ட் 1906 ஆகஸ்ட் 26ஆந் திகதி, 52ஆவது வயதிற் காலமானார். அவருடைய மகன் பிராங் கிங்டன் வார்ட் பின்னாளில் திபெத், பர்மா மலைகளில் தாவரங்களைத் தேடித் திரிந்த புகழ்பெற்ற பயணியானார். கோப்பித் துரு நோய் 1970இல் பிறேசிலை அடைந்தது. 2012இல் மத்திய அமெரிக்க நாடுகளிற் பெருஞ்சேதம் விளைவித்தது.

விடை எழுதிப் பார்க்க: கோப்பிப் பங்கசின் வித்தி ஓர் இலையில் விழுந்தது முதல் புதிய வித்திகள் வெளிவரும் வரை நிகழ்வனவற்றை ஒழுங்காக எழுதுக. நோய் கண்டபின் மருந்து தெளிப்பதால் ஏன் பயனில்லை என்பதை இதிலிருந்து விளக்குக. உங்கள் கிராமத்தில் ஒரே பயிர் இடைவெளியின்றிப் பயிரிடப்படும் நிலமொன்றைத் தெரிவுசெய்து, காற்றுவழி நோய் அங்கு எத்திசையிற் பரவக்கூடும் என்பதைப் பருவப்பெயர்ச்சிக் காற்றுடன் தொடர்புபடுத்திக் குறிப்பிடுக.